மருந்துண்ணலும் ஒரு நோன்பே

(மயிலாப்பூரில் நடைபெற்ற நம் அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





இம்மேடையில் நான் நின்றால் சிந்தாமணியையோ நாலடியாரையோ பற்றிப் பேசுவேன் என்றே நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மாத்திரையைப் பற்றி. நன்னூலில் வரும் மாத்திரை அன்று. மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரை. தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரால் வழங்குவதை அறிவீர்கள். திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்பன அவை. இவற்றுள் சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் ஏலாதி பாடிய கணிமேதாவியாரும் நம் சமயச் சான்றோர். உடலுக்கு மருந்து எப்படியோ, உயிருக்கு அறம் அப்படி என்பது அவர்கள் கருத்து. ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரு பங்கு, நாககேசரம் மூன்று பங்கு, மிளகு நான்கு பங்கு, திப்பிலி ஐந்து பங்கு, சுக்கு ஆறு பங்கு என்று கணக்குண்டு. பங்கு மாறினால் அது ஏலாதி ஆகாது. அளவும் முறையும் தவறாமல் கொள்வதே மருந்து; மற்றது வெறும் பொடி. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்தே அறநூலுக்கு மருந்தின் பெயர் இட்டனர். ஆனால் இன்று நம் வீடுகளில் அறத்தை முறைப்படி கொள்வோர்கூட மருந்தை முறைப்படி கொள்வதில்லை. அதனால் விளையும் துன்பம் மிகுதியாகக் காணப்படும் நோய் ஒன்று உண்டு. அதுவே வலிப்பு நோய்.

ஊர்ப்புறங்களில் இதனைக் காக்காய் வலிப்பு என்பர். காலும் கையும் வலித்து இழுப்பதால் கால்கை வலிப்பு என்று வழங்கியதே பேச்சில் காக்கை வலிப்பு எனத் திரிந்தது என்று தமிழறிஞர் கூறுவர். காக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. பேய்க்கும் தெய்வக் குற்றத்துக்கும் தொடர்பில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் நிற்கும் என்பதிலும் உண்மையில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கும் நேரத்தில் கையில் இருந்த சாவிக்குப் புகழ் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மிக நுண்ணிய மின்னோட்டத்தால் உரையாடுகின்றன. அவ்வோட்டம் திடீரென்று கட்டின்றிப் பெருகும்போது வலிப்பு உண்டாகிறது. காரணங்கள் பல. பிறப்பின்போது ஏற்பட்ட குறை, தலைக்காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம் ஆகியவை சில. நம் நாட்டில் நாடாப்புழுவின் இளம்புழு மூளையைச் சென்றடைவதும் ஒரு காரணம். புலால் உண்ணாத நமக்கு அது எப்படி வரும் எனலாம். நன்கு கழுவாத கீரை, காய்கறி வழியாகவும் தூய்மையற்ற நீர் வழியாகவும் வரும். எனவே சைவ உணவு மட்டும் நமக்குக் காப்பாகாது. காரணம் இன்னதென்று தெரியாமலே பலருக்கு இந்நோய் வருவதும் உண்டு.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முறையாக நோயறிந்து முறையாக மருந்துண்டால் இவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனமே கூறுகிறது. மருந்து இல்லாத நோய் அன்று இது. ஃபீனோபார்பிட்டோன் என்னும் மருந்து 1912 முதல் இந்நோய்க்குப் பயன்படுகிறது. ஃபெனிட்டாயின் 1938இல் வந்தது. பின்னர் கார்பமாசெபின், வால்புரோயேட், லெவெடிராசெட்டம் எனப் பல வந்தன. கர்நாடகத்தில் எளந்தூர் என்னும் ஊர்ப்புறத்தில் டாக்டர் கே.எஸ்.மணியும் அவர்தம் குழுவினரும், விலை குறைந்த பழைய மருந்துகள் இரண்டைக் கொண்டே சிற்றூர் மக்களுக்குப் பல்லாண்டு மருத்துவம் செய்து, அதன் பயனை 2001இல் 'லான்செட்' இதழில் உலகறியச் செய்தனர். நம் சென்னையிலோ 1950இலேயே பொது மருத்துவமனையில் டாக்டர் பி.இராமமூர்த்தி நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கிவிட்டார். மருந்தும் உண்டு, மருத்துவரும் உண்டு. பின் ஏன் வலிப்பு நிற்பதில்லை? மாத்திரை அட்டையை விட்டு வாய்க்குள் செல்லாததே பல வீடுகளில் அதற்குக் காரணம்.

இது நம்மவர் குறை மட்டும் அன்று. நெடுநாள் நோயுடையோருள் சொன்னபடி மருந்து கொள்வோர் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முன்பு இதனை நோயாளியின் 'கீழ்ப்படியாமை' என்னும் பொருள்பட மருத்துவ உலகம் குறித்தது. இப்போது அச்சொல்லைக் கைவிட்டு, 'இசைந்து ஒழுகுதல்' என்னும் பொருள்படும் சொல்லை ஆள்கிறது. சொல் மாறியதற்குக் காரணம் உண்டு. கீழ்ப்படிதல் ஒருவர் கடமை. இசைதல் இருவர் செயல். மருந்துண்ணாமை நோயாளி ஒருவரின் பிழை என்று இனியும் சொல்லிவிட முடியாது.

வள்ளுவர் 95ஆம் அதிகாரத்தின் நிறைவுக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவர் என்பன அவை. நான்கில் எது தளர்ந்தாலும் மாத்திரை தவறும். இதனை நான் நூலிலிருந்து மட்டும் அறியவில்லை. என் தங்கையின் வாழ்விலிருந்து அறிந்தேன். அவள் இசைவு பெற்றே இங்குக் கூறுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. 1980இல், கல்லூரியில் படிக்கும்போது, அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. சென்னைக்கு அழைத்து வந்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். இரவு படுக்குமுன் ஒரு மாத்திரை என்றார். அம்மா நாள் தவறாமல் கொடுத்தார். நான்காண்டு வலிப்பே வரவில்லை. 1984இல் தியாகராய நகரில் ஒரு நல்ல குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தனர். நோயை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்தோம். சொல்ல வேண்டாம் என்றவர்களுள் நானும் ஒருத்தி. அப்போது நான் படித்தவள். பள்ளியில் பிள்ளைகளுக்கு வாய்மை அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தவள்.

அச்சத்துக்கு அன்று சட்டமும் துணை நின்றது. சமணர்களாகிய நமக்கும் பொருந்தும் இந்துத் திருமணச் சட்டத்தில், 1976ஆம் ஆண்டுத் திருத்தம் மனநோயோடு வலிப்பையும் சேர்த்து, அடிக்கடி வலிப்பு வருபவர் மணத்துக்குத் தகுதியற்றவர் என்று எழுதி வைத்திருந்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. இன்று வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டத் தடை அன்று. பெண்ணைப் பெற்றோரும் பிள்ளையைப் பெற்றோரும் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

மணமான வீட்டில் சூரியன் மறைந்தபின் எவரும் நீர்கூடப் பருகமாட்டார். தங்கைக்கோ இரவு படுக்குமுன் மாத்திரை. பெட்டிக்குள் புடைவை மடிப்பில் ஒளித்து வைத்திருந்தாள். சில இரவுகளில் நீரின்றி விழுங்குவாள். சில இரவுகளில் இயலாது. விரதம் தவறினோமே என்னும் குற்ற உணர்வு ஒருபுறம். யாரேனும் கண்டுவிடுவரோ என்னும் நடுக்கம் மறுபுறம். தசலட்சணப் பருவம் வந்தது. அந்தப் பத்து நாளும் மாத்திரையை அறவே விட்டுவிட்டாள். 'நான்காண்டாக ஒன்றும் வரவில்லையே, இனி வராது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினோராம் நாள் விடியற்காலை, பால் காய்ச்சும்போது அடுப்பருகே விழுந்தாள். இடக்கை வெந்தது. அத்தழும்பு இன்றும் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அது என் கையில் இருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றும்.

இனி, நான்கு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நோயுற்றவர். தலைவலிக்காரர் மருந்தை மறப்பதில்லை, வலி நினைவூட்டும். வலிப்பு நோயாளிக்கோ மருந்து வேலை செய்யும்வரை ஒரு துன்பமும் தெரியாது. 'நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை?' என்னும் எண்ணம் அந்த நலத்திலிருந்தே பிறக்கிறது. மருந்து நோயை வேரோடு பிடுங்குவதில்லை. வலிப்பு வராமல் தடுக்கும் கரையாக நிற்கிறது. வெள்ளம் வரவில்லை என்று கரையை உடைப்பார் உண்டோ? மருந்தின் அளவு குருதியில் ஒரே சீராக நிற்க வேண்டும். சில மருந்துகள் உடலில் சில நாள் தங்கும். லெவெடிராசெட்டம் போன்றவை சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறையும். அதனால்தான் அதனை நாளுக்கு இருவேளை தருகின்றனர். மருந்தைத் திடீரென்று முற்றும் நிறுத்தினால் வலிப்பு இடைவிடாமல் தொடர்ந்து உயிருக்கே கேடாகும் நிலையும் நேரலாம். ஈராண்டோ அதற்கு மேலோ வலிப்பின்றி இருந்தோர்க்கு மருத்துவரே ஆராய்ந்து மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைப்பதும் உண்டு. அது அவர் செய்ய வேண்டியது, நாமாகச் செய்வதன்று.

இரண்டாவது, மருந்து. இதில் பக்கவிளைவு என்னும் உண்மையான இடர் உண்டு. ஒன்று தூக்கம் தரும். ஒன்று ஈறு தடிக்கச் செய்யும். ஒன்று எடை கூட்டும், முடி உதிர்க்கும். ஒன்று எரிச்சலும் சினமும் வரச் செய்யும். இளம்பெண்கள் முடி உதிர்வதற்கு அஞ்சி யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிவதில் பயனில்லை. மாற்று மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதே தக்க அறிவுரை. மகப்பேற்றை எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரைக் காண வேண்டும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் குறை உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் கருவுற்றதும் அஞ்சித் தாமே மருந்தை நிறுத்துவது தாய், சேய் இருவர்க்கும் கேடு.

நம்மவர்க்கே உரிய தடை ஒன்றும் இங்குண்டு. கேப்சூல் என்னும் கூட்டு மாத்திரையின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதை அறிந்த அன்று முதல் மருந்தையே விட்டவர் நம்மிடையே உண்டு. அவர்தம் கொல்லாமைப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு வழி மருந்தை விடுவதன்று, கேட்பது. வலிப்பு மருந்துகள் பலவும் சாதாரண மாத்திரையாகவும் குழந்தைகளுக்குரிய நீர்மருந்தாகவும் கிடைக்கின்றன. தாவர உறையிட்ட கேப்சூல்களும் உள்ளன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டால் மாற்றித் தருவர். நாமாக உறையைப் பிரித்துப் பொடியை உண்பதும், மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை உடைப்பதும் தவறு; அளவு கெடும்.

இருப்பும் கருத வேண்டியது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கரையோரத்து வீடுகளில் இருந்தோர் வெளிவர இயலாமல் தவித்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அரிசியும் பாலும் எவ்வாறேனும் வந்து சேர்ந்தன. அன்றாட மருந்து அவ்வளவு எளிதில் வருவதில்லை. பத்து நாளுக்குரிய மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மேல்சித்தாமூர்த் தேருக்கோ, திருமலைக்கோ, வடநாட்டு யாத்திரைக்கோ செல்லும்போது மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, மருத்துவர். கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். 'மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?' என்று கேட்பார். ஆமாம் என்போம். இங்கேதான் பெரிய பிழை நேர்கிறது. நாம் உண்ணாததை அவர் அறியார். மருந்து தோற்றுவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டுவார். இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். பக்கவிளைவு பெருகும். அதற்கு அஞ்சி மேலும் விடுவோம். ஒரு சிறு பொய் இவ்வாறு சுழலாகிறது. வாய்மையும் இங்கு ஒரு மருந்து. மருத்துவரும், 'எந்த வேளை உங்களுக்குக் கடினம்?' என்று கேட்டால் உண்மை தானே வெளிவரும்.

நான்காவது, அருகிருப்பவர். நம் ஆகமத்தில் அகத் தவம் ஆறு என்பர். அவற்றுள் ஒன்று வையாவிருத்தியம். துறவியர்க்குச் செய்யும் தொண்டாகவே அது முதற்கண் கூறப்பெறினும், நோயுற்றார்க்கு உதவும் இல்லறத்தார்க்கும் அப்பொருளை விரித்துக் கொள்ளலாம். தீர்த்தங்கரர் நாமகர்மத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தவமும் தியாகமும் ஆற்றலுக்கேற்பச் செய்யத்தக்கன என்றே கூறப்பட்டுள்ளன. 'ஆற்றலுக்கேற்ப' என்னும் சொல்லை நாம் விட்டுவிடுகிறோம். உறக்கமின்மையும் நெடும்பட்டினியும் சிலர்க்கு வலிப்பைத் தூண்டும். அத்தகையோர் முழு உபவாசத்தை மேற்கொள்ளுமுன் மருத்துவரிடம் கேட்பது சமயத்துக்கு மாறானதன்று. 'எல்லாம் வினைப்பயன், அனுபவித்தே தீர வேண்டும்' என்று மருந்தைத் தடுப்பாரும் உளர். வினை வந்தது என்று எரியும் வீட்டினுள் எவரும் அமர்ந்திருப்பதில்லை. முயற்சியும் உயிரின் இயல்பே.

என் தங்கையின் கதைக்கு வருகிறேன். மருத்துவமனையில் எல்லாம் வெளிப்பட்டது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம். அவள் மாமியார் எங்களைப் பார்க்கவேயில்லை. கட்டிலருகே அமர்ந்து அவளிடம் கேட்டார்: "இந்தச் சின்ன மாத்திரைக்கா அம்மா இத்தனை நாள் பயந்தாய்? நான் கொடுத்திருக்க மாட்டேனா?" பின்பு மருத்துவரிடம், "எங்கள் வீட்டில் இருட்டியபின் நீர் அருந்துவதில்லை. மாலை உணவோடு இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமாகக் கொடுக்கலாம், இந்த மருந்துக்கு அது தடையில்லை. நாள்தோறும் அதே நேரம் என்பது மட்டும் மாறக்கூடாது" என்றார் அவர். ஓர் ஆண்டாக என் தங்கையை வாட்டிய சிக்கல் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. நாங்கள் மறைத்ததால், கேட்கக்கூடியவர் அறியாமல் இருந்தார்.

அன்று முதல் பூசை மாடத்தருகே ஒரு சிறு பித்தளைச் சம்படம் வந்தது. மாலை உணவுக்கு இலை போடுமுன் அந்த அம்மையார் தம் கையால் மாத்திரையும் ஒரு குவளை நீரும் கொடுப்பார். நோன்பு நாளிலும் அது தவறாது. "இதுவும் உனக்கு ஒரு நோன்புதான்" என்பார். அவர் மறைந்தபின் மாப்பிள்ளை கொடுத்தார். மருந்துகள் மாறின, வேளைகள் மாறின, சம்படம் மாறவில்லை. இன்று பேரன் பேத்தியரைக் கண்டுவிட்ட என் தங்கை, அதிலிருந்து தானே எடுத்து உண்கிறாள்.

மருந்தை ஒழுங்காக உண்போர் ஏன் உண்கின்றனர் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. எதற்கு உண்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. உணவு, வழிபாடு போன்று நாள் தவறாத ஒரு செயலோடு மாத்திரை இணைந்திருக்கிறது. அன்போடு நினைவூட்ட ஒருவர் இருக்கிறார்.

விடைபெறுமுன் சில வேண்டுகோள். உங்கள் வீட்டில் இந்நோயர் இருப்பின், மாத்திரை வேளை நம் உணவு வேளையோடு ஒத்துவருமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். எல்லா மருந்தும் ஒன்றுபோல் அல்ல. ஒருவேளை தவறினால் என்ன செய்வது என்பதையும் முன்னரே கேட்டு எழுதி வையுங்கள். மறந்ததற்காக இருமடங்கு விழுங்க வேண்டாம். யாரேனும் வலிப்பில் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு மென்மையாக ஏதேனும் வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், நீரும் புகட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தும் நீடித்தால் 108ஐ அழையுங்கள். வரன் பேசும்போது மறைக்காதீர்கள். மறைக்காமல் சொல்பவரைத் தள்ளாதீர்கள்.

நம் சமயம் கூறும் தானம் நான்கனுள் ஔடத தானமும் ஒன்று. மருந்தை வாங்கிக் கொடுப்பதோடு அத்தானம் நிறைவதில்லை. அது வேளை தவறாமல், அச்சமின்றி, ஒளிவுமறைவின்றி உண்ணப்படும் வீட்டை அமைத்துக் கொடுப்பதே அதன் நிறைவு. அங்கே ஔடத தானத்தோடு அபய தானமும் சேர்கிறது. அந்த அபயத்தை என் தங்கைக்கு நான் கொடுக்கத் தவறினேன். வேறொரு தாய் கொடுத்தார். உங்கள் வீட்டில் அது தவறாதிருக்கட்டும்.

அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.